சேந்தாச்சு

சுமை இறங்கிய பிறகுதான் சுக்கூருக்குத் தோள் வலிக்கும். கோடை முழுக்க மூட்டையின் வார் அழுத்திக்கொண்டிருக்கும்போது அந்த இடம் மரக்கட்டை மாதிரி கிடக்கும். பனி விழுந்து, மலையேற வந்த சாகிபுகள் எல்லாரும் அவரவர் தேசம் போய்ச் சேர்ந்து, அவனும் வீட்டின் கீழறையில் மாடுகளின் மூச்சுச் சூட்டில் கால் நீட்டிப் படுத்தால், வார் பதிந்த தழும்புக்குள்ளே எலி கொறிப்பதுபோல ஆரம்பிக்கும். ஹாஜிரா ஆப்ரிகாட் கொட்டை எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள். "கூலி குடுக்க ஆளில்லன்னா உங்க தோளு அழ ஆரம்பிச்சிருது," என்பாள்.

தோள்கூடப் பரவாயில்லை. இடது முட்டிதான் பயமுறுத்தியது. போன கோடையில் பனியாற்றோரக் கல்மேட்டில் இறங்கும்போது உள்ளே ஏதோ நழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தது. இன்னும் இரண்டு கோடை தாங்கும், மிஞ்சினால் மூன்று. அதற்குப் பிறகு அவன் ஊரான தல்சோரில் முட்டி போன ஆண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவனும் செய்ய வேண்டும். மசூதிச் சுவரில் சாய்ந்து வெயில் காய வேண்டும்.

ஸ்கர்டு நகரில் மலையேற்றக் கம்பெனி நடத்தும் வஸீரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு வழி சொன்னார். சுமை தூக்காமல் மலைக்குப் போகிறவன் ஒருவன்தான், அவன் வழிகாட்டி. கயிற்றின் முன்னால் போவான், சாகிபுகளுக்கு வழி காட்டுவான், முதுகில் தன் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கும். ஆனால் உச்சியில் நிற்காதவனை எவன் வழிகாட்டியாக வைத்துக்கொள்வான்? மார்போ காங்ரி சிகரத்தில் பதினேழு கோடை சுமை தூக்கியதெல்லாம் கணக்கில் வராது. கோடையில் யாராவது சாகிபின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினாலும் அவன் தூக்கிவிட்டான் என்பார்கள். குளிர்காலத்தில் தனியாக ஏறிவிட்டு வா, வரும் கோடையிலேயே குழுவின் பெயர்ப்பட்டியலில் உன் பெயரை மேலே போடுகிறேன் என்றார் வஸீர். சுக்கூருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கோடையில் மலை சாகிபுகளுடையது. குளிர்காலத்தில்தான் மலைக்கும் வேலையில்லை, அவனுக்கும் வேலையில்லை.

மார்போ காங்ரியை அவனுக்குத் தோள்வரை தெரியும். அதற்கு மேல் தெரியாது. உச்சிக்குக் கீழே மலை ஒரு பக்கமாகச் சரிந்து சமதளமாகும் இடத்துக்குத்தான் தோள் என்று பெயர். அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு. சுமைதாங்கிக் கல் மாதிரி, முதுகைத் திருப்பிச் சாய்ந்தால் மூட்டை தானாகப் பாறையில் உட்கார்ந்துகொள்ளும். தல்சோர்க்காரர்கள் எல்லாருக்கும் வேலை அங்கே முடிந்துவிடும். மூட்டையை இறக்கி, மாட்டின் முதுகில் தட்டுவதுபோல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "சேந்தாச்சு" என்று வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். வாக்கிடாக்கி இல்லாவிட்டால் காற்றிடமாவது சொல்லவேண்டும். உட்காரக்கூடாது. மேலே அண்ணாந்து பார்க்கவும் கூடாது. வேர்வை ஆறினால் சட்டைக்குள்ளேயே பனிக்கட்டியாகும். ஒரு வருஷம் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி உட்கார்ந்த ஹனீஃப் என்ற கூலிக்காரன் இன்னும் அங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

துணைக்கு ஹாஜிராவின் அண்ணன் மெஹ்தி வந்தான். மெஹ்தி அடிவாரக் கூடாரங்களில் சமையல்காரன். இருபது வருஷமாக மலைக்குப் போகிறான், அடிவாரத்துக்கு மேல் ஒரு அடி வைத்ததில்லை. வைக்கவும் மாட்டான். வெங்காயம் வேகாத உயரத்தில் மனுஷனுக்கு என்ன வேலை என்பான். மண்ணெண்ணெய் அடுப்பு, மாவு, உப்புத் தேநீருக்கு வெண்ணெய் எல்லாவற்றையும் இருவருமாகச் சுமந்து, மேய்ச்சல்காரர்களின் கல்குடிசை வரைக்கும் போய், மெஹ்தி அங்கே தங்குவது என்று ஏற்பாடு. வழி நெடுக அவனுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்.

"தனியா ஏறுறேன்னு சொல்ற. அப்ப நான் யாரு மச்சான், ஜின் பூதமா?"

"குடிசைக்கு மேல தனி," என்றான் சுக்கூர்.

"சாகிபும் இப்படித்தான் சொல்வான். நாப்பது பேர் மூட்டை தூக்குவோம், நான் சோறாக்கிப் போடுவேன், அவன் மேல போய்க் கொடியைப் பிடிச்சுக்கிட்டு தனியா வந்தேன்பான். இப்ப நீயும் சாகிப் ஆயிட்ட. நல்லா இரு."

ஆனாலும் கிளம்புகிற அன்று காலையில் அவன் தன் தூக்கப் பையைக் கொண்டுவந்து சுக்கூரின் மூட்டைக்குள் திணித்தான். அது ஒரு ஜப்பான்காரர் விட்டுப்போனது. வாத்து இறகு அடைத்தது, சிவப்பு நிறம். தல்சோரில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. குளிர்காலத்தில் மெஹ்தியும் அவன் மனைவியும் சின்ன மகளும் அதைப் பிரித்துப் போர்த்திக்கொண்டு மூன்று பேராகப் படுப்பார்கள். சுக்கூர் வேண்டாமென்றான். அவனுடைய கம்பளி போதும்.

"உன் கம்பளிய போத்திக்கிட்டு செத்தேன்னு வையி, ஹாஜிராவுக்கு நான்ல பதில் சொல்லணும்," என்றான் மெஹ்தி. "கிழிக்காம கொண்டா. அவ்வளவுதான்."

திட்டம் எளிமையானது. முதல் நாள் பாறைச்சுவருக்குக் கீழே கூடாரம். மறுநாள் மூட்டையோடு தோளுக்குப் போய் அங்கே கூடாரம். அதற்கு மறுநாள் மூட்டையைத் தோளில் விட்டுவிட்டு வெறுங்கையோடு உச்சி. உச்சியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்குவது. எதை எப்போது வாக்கிடாக்கியில் சொல்வது என்று மட்டும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் சுக்கூர் குடிசையிலிருந்து கிளம்பினான். வானம் துடைத்து வைத்த பித்தளைத் தட்டு மாதிரி இருந்தது. பூட்ஸுக்கு அடியில் கட்டிய இரும்புப் பற்கள் பனியில் கறுக் கறுக்கென்று இறங்கின. மூட்டை ஏறியதும் தோள்வலி போய்விட்டது. அதை நினைத்து அவனுக்கு எரிச்சலாக இருந்தது. சுமையே வேண்டாமென்றுதானே போகிறோம், இந்தக் கழுதைத் தோளுக்கு அது புரிய மாட்டேனென்கிறதே என்று நினைத்தான்.

பாறைச்சுவருக்குக் கீழே கூடாரம் போட்டான். அன்று மாலை வாக்கிடாக்கியில் மெஹ்தி பேசினான், அடுப்பு புகைகிறது என்று புலம்பினான். அதற்குப் பிறகு காற்று வந்தது.

அந்தக் காற்றைப் பற்றிச் சுக்கூரால் பின்னால் அதிகம் சொல்ல முடியவில்லை. கூடாரத்துணி முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. இரண்டு முழங்காலாலும் கூடாரக் கம்பியை முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தான். வாக்கிடாக்கி குளிரில் செத்துப்போய், அக்குளுக்குள் வைத்துச் சூடு காட்டினால் கொஞ்சம் கரகரக்கும், வெளியே எடுத்தால் மறுபடி சாகும். தண்ணீர் காய்ச்ச ஸ்டவ்வைப் பற்றவைத்தபோது இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். இன்னொன்று ஆறிக்கொண்டிருந்தது. சாகிப் ஏன் குடிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். கோபமாக இருப்பார் போல, சர்க்கரை போடாமல் உப்புப் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். பிறகு, சாகிப் யாரும் வரவில்லையே என்று நினைவு வந்து அதையும் தானே குடித்தான். சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு பத்தவில்லை.

காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் கூடாரத்தைச் சுருட்டி மூட்டை கட்டிக்கொண்டு மேலே புறப்பட்டான். முன்னும் பின்னும் வெள்ளை. தன் கை தனக்குத் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கோடையில் கட்டிய பழைய கயிறு பனிக்குள்ளிருந்து அங்கங்கே எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்துப் போனான். ஒரு இடத்தில் ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டான். யாரும் கடந்து போகவில்லை. ஆனாலும் 'நன்றி' என்று யாரோ சொன்னதுபோல இருந்ததால் தலையை ஆட்டிவிட்டு நடந்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் மூன்று அவனுக்குத் திட்டமாகத் தெரியும். ஒன்று, கயிறு முடிந்துபோனது. இரண்டு, ஒரு இடத்தில் மேலே வைப்பதற்காகத் தூக்கிய கால் மேலே எதையும் காணாமல் கீழே இறங்கியது. அப்போது காற்று இரண்டு கன்னத்திலும் ஒரே சமயத்தில் அடித்தது. மூன்று, முதுகைத் திருப்பிச் சாய்ந்து, மூட்டையை இறக்கி, இரண்டு தட்டுத் தட்டி, அக்குளிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்து "சேந்தாச்சு" என்று சொன்னான்.

சொன்னதும் திரும்பினான். உட்காரவில்லை, அண்ணாந்து பார்க்கவில்லை.

இறக்கம் சுகமாக இருந்தது. முதுகு லேசாகி, கைகள் தானாக வீசின. பதினேழு கோடையிலும் இந்த இறக்கம்தான் அவனுக்குப் பிடித்தது. கீழே பாறைச்சுவருக்கடியில் கூடாரம் இருக்கும், தல்சோர்ப் பையன்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள், யாராவது தேநீர் வைத்திருப்பார்கள். வெயில் மஞ்சளாகும் நேரத்துக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே பனியில் சதுரமாக ஒரு பள்ளம் இருந்தது. கூடாரம் இல்லை. சீட்டாடுகிறவர்கள் இல்லை. தேநீரும் இல்லை. பையன்கள் தன்னை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்களே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. பெயர் சொல்லி ஒவ்வொருவனாகத் திட்டினான். திட்டிக்கொண்டே அந்தச் சதுரப் பள்ளத்தில் இறங்கி நின்றான். ஓரத்தில் அவன் கொட்டிய தேயிலைச் சக்கை கறுப்பாக உறைந்திருந்தது.

அதைப் பார்த்துத்தான் புரிந்தது. கூடாரம் அவன் மூட்டையில் இருந்தது. ஸ்டவ், கம்பளி, போன், மெஹ்தியின் தூக்கப் பை, எல்லாம் மூட்டையில் இருந்தன. மூட்டையை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கூலிக்காரன் மாதிரி வெறுங்கையோடு இறங்கி வந்திருக்கிறான். சேர்த்த இடத்தில் அதை வாங்கிக்கொள்ள ஒரு ஆள்கூட இல்லை.

அங்கே நின்றால் சாவு. திரும்பி ஏறினாலும் சாவு. நிலா இருந்தது, இறங்கினான். எப்படி இறங்கினான் என்று கேட்டால் முட்டியைத்தான் கேட்க வேண்டும். அதுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது.

விடிந்து வெயில் குடிசைக்கூரையைத் தொட்டபோது மெஹ்தி வெளியே நின்றிருந்தான். ஓடி வந்து கட்டிப்பிடித்து, தூக்கிக்கொண்டுபோய் அடுப்பருகே உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, இரண்டு கால்விரல் கருத்திருப்பதைப் பார்த்துச் சத்தம்போட்டு அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். வெண்ணெய் மிதக்கும் தேநீரை வாயில் ஊற்றினான்.

"சேந்துட்டியே மச்சான். என் தங்கச்சி புருஷன் சேந்துட்டானே."

"எங்க?" என்றான் சுக்கூர்.

மெஹ்தி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான். நேற்று மதியத்துக்கு மேல் வாக்கிடாக்கி கரகரத்து 'சேந்தாச்சு' என்று சொன்னதும், கல்மேட்டின் உச்சிக்கு ஓடியிருக்கிறான். அங்கே மட்டும்தான் போனில் ஒரு கோடு கிடைக்கும். தல்சோருக்குச் சொன்னான். ஸ்கர்டுவுக்கும் சொன்னான். வஸீரே போனை எடுத்து 'மாஷா அல்லாஹ்' என்றாராம். மசூதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். ஹாஜிரா மாவைப் பிசைந்து, எண்ணெயில் ரொட்டி பொரித்து, தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாளாம்.

சுக்கூர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அந்த வார்த்தையைச் சுமைக்காகத்தான் சொன்னேன் என்றான். மூட்டையை இறக்கினேன், சொன்னேன், அவ்வளவுதான்.

மெஹ்திக்குக் கோபம் வந்தது. "எந்தச் சுமை? யாருக்குக் கொண்டு போன? சாகிபு இருந்தா சேந்தாச்சுன்னா மூட்டை சேந்துச்சுன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும், இருபது வருஷமா கேக்குறேன். சாகிபே இல்ல. அப்ப சேந்தாச்சுன்னா நீ சேந்தேன்னுதான அர்த்தம்? வேற யாரு இருக்கா அங்க சேர்றதுக்கு?"

சுக்கூர் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அந்த வார்த்தையில் ஆள் இல்லைதான். மூட்டை சேர்ந்தாலும் சேந்தாச்சு, மனிதன் சேர்ந்தாலும் சேந்தாச்சு.

"நாளைக்கு ஜும்மாவுக்குள்ள ஊருக்குப் போயி எல்லார்ட்டயும் சொல்லிடணும்," என்றான்.

மெஹ்தி அவனை உற்றுப் பார்த்தான். "இன்னைக்குத்தான் ஜும்மா."

சுக்கூர் விரல்விட்டு எண்ணினான். திங்கள் கிளம்பினேன். செவ்வாய் காற்று. புதன் ஏறினேன், இறங்கினேன். இன்று வியாழன். மெஹ்தியும் எண்ணினான். திங்கள் போனாய். செவ்வாய் காற்று. புதனும் காற்று, நான் குடிசையை விட்டு மூத்திரம் பெய்யக்கூட வெளியே போகவில்லை. வியாழன் மதியத்துக்கு மேல் பேசினாய். இன்று வெள்ளி. இருவரும் மறுபடி எண்ணினார்கள். ஒரு புதன்கிழமையைக் காணவில்லை.

மெஹ்திக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. அப்படியென்றால் புதன்கிழமையே தோளுக்குப் போய் அங்கே படுத்திருக்கிறாய், வியாழக்கிழமை உச்சிக்குப் போயிருக்கிறாய், மண்டையில் காற்று பத்தாமல் மறந்துவிட்டாய் என்றான். இல்லையென்றால் ஒரு தோளுக்குப் போக மதியம் தாண்டுமா? நீ காலைத் தேநீர் ஆறுவதற்குள் அங்கே போகிறவனாயிற்றே. அல்லது கூடாரத்துக்குள்ளேயே இரண்டு நாள் கிடந்திருப்பேன் என்றான் சுக்கூர். உச்சிக்குப் போயிருந்தால் மூட்டையைத் தோளில் வைத்துவிட்டல்லவா போயிருப்பேன், இறங்கும்போது எடுத்துக்கொண்டு வந்திருப்பேனே.

"நீயா? நீ மூட்டை இல்லாம மேல ஏறுவியா?" என்றான் மெஹ்தி. "களத்துல சூடடிக்கிற மாட்டை அவுத்துவிட்டாலும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். மூட்டையோடதான் உச்சிக்கே போயிருப்ப. அங்கதான் இறக்கி வச்சிருப்ப."

அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். சுக்கூர் கால் கீழே இறங்கிய அந்த இடத்தை நினைத்துப் பார்த்தான். அது உச்சியா, தோளின் மறுவிளிம்பா? உச்சியைப் பார்த்தவனுக்குத்தானே அது உச்சி என்று தெரியும். கயிறு முடிந்தது என்றால் அது தோளிலும் முடியும், பனிக்கடியில் புதைந்திருந்தால் எங்கேயும் முடியும். முதுகைச் சாய்த்தபோது பாறை தட்டியதா, பனி தட்டியதா? குளிர்காலத்தில் அந்தப் பாறையே பனிக்குள் இருக்கும். அந்தப் பக்கம் என்ன தெரிந்தது என்று மெஹ்தி கேட்டான். வெள்ளை என்றான். இந்தப் பக்கம்? அதுவும் வெள்ளை.

சட்டைப்பையைத் துழாவினார்கள். ஹாஜிரா ஒரு நாளைக்கு ஒன்று என்று வறுத்த மாவும் ஆப்ரிகாட் கொட்டையும் கலந்து ஐந்து துணிமுடிச்சு கட்டிக் கொடுத்திருந்தாள். ஒன்றுதான் மிச்சமிருந்தது. பார்த்தாயா, நாலு நாள் ஆகியிருக்கிறது என்று மெஹ்தி துள்ளினான். பிறகு அவனே அடங்கி, "உன் வயித்தை நம்ப முடியாது. ஒரே நாள்ல ரெண்டு தின்னிருப்ப," என்றான்.

மெஹ்தியின் முதுகில் சாய்ந்தும், சரிவுகளில் உட்கார்ந்து சறுக்கியும் சுக்கூர் மறுநாள் ஊருக்கு வந்து சேர்ந்தான். தெருவில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கழுத்தில் துணிமாலை போட்டார். சுக்கூர் அங்கேயே நின்று உள்ளதைச் சொல்லத் தொடங்கினான். மூட்டையை இறக்கினேன், உச்சியா தெரியவில்லை, ஒரு நாளைக் காணவில்லை என்று சொல்லச் சொல்ல, கூட்டம் கலைந்தது. சிலர் அடக்கம் என்று நினைத்தார்கள். சிலர் மண்டையில் அடிபட்டிருக்கிறது என்றார்கள். அவனோடு சுமை தூக்குகிறவர்கள் மட்டும் முதலில் முழித்து, பிறகு புரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'தனக்குத்தானே மூட்டை தூக்கி, தனக்கே சேத்துட்டு, தன்னை விட்டுட்டு வந்துட்டான்' என்றான் ஒருவன். அதற்குள் சிரித்தவனே சிரிப்பை நிறுத்திவிட்டான். அங்கே நின்றிருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஹாஜிரா அவன் கால்விரல்களை வெந்நீரில் வைத்தாள். தின்ற ரொட்டியை ஊர்க்காரர்களிடம் திருப்பி வாங்கவா முடியும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் வஸீர் மெஹ்தியின் போனில் கூப்பிட்டார். மெஹ்தியும் அங்கே இருந்தான். போனை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்கள். வஸீர் உற்சாகமாகத்தான் தொடங்கினார். ஜூன் மாதம் ஒரு குழு வருகிறது, எட்டுப் பேர், மார்போ காங்ரிக்குத்தான். வழிகாட்டியாக உன் பெயரைச் சொல்லிவிட்டேன். படம் அனுப்பு.

படம் எடுக்கிற போன் மூட்டையில் இருக்கிறது, படம் எடுத்தேனா என்று தெரியாது என்றான் சுக்கூர். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வஸீர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. அவருக்கும் ஜூன் மாதக் குழு வேண்டுமே.

"இங்க பாரு சுக்கூர். படம் இல்லன்னா பரவால்ல. மூட்டை மேல இருக்குதுன்னு சொல்லு, அதுவே சாட்சி. சேந்தேன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

கீழறையில் ஒரு மாடு அசை போட்டது. ஹாஜிரா அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தைதான். அதை அவன் பதினேழு கோடையாகச் சொல்லி வருகிறான். நாக்கு அதைச் சொல்வதற்கு யோசிக்கக்கூட வேண்டியதில்லை. முன்பும் அப்படித்தான் யோசிக்காமல் சொன்னான். அதனால்தான் இவ்வளவும்.

அவனுக்கு அந்த எட்டுப் பேர் கண்ணில் வந்தார்கள். தோளுக்கு வந்ததும் கயிற்றைப் பிடித்தபடி நின்று, மேலே வழி எப்படி என்று கேட்பார்கள். வலப்பக்கமா, இடப்பக்கமா? பனி எந்தப் பக்கம் தாங்கும்? எட்டுப் பேரும் அவன் காலடியில் கால் வைத்து வருவார்கள்.

"சார், மூட்டை சேந்துச்சு," என்றான். "அது நெசம். நான் சேந்தேனான்னு எனக்குத் தெரியல."

"மூட்டை எங்க சேந்துச்சு?"

"அதுதான் சார் தெரியல."

வஸீர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. சரி, உடம்பைப் பார்த்துக்கொள், ஜூன் மாதம் வா, அந்த எட்டுப் பேருக்கும் மூட்டை நிறைய இருக்கும், பழைய கூலிதான் என்றார். போனை வைத்துவிட்டார்.

ஹாஜிரா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள். போகிற போக்கில், "ஒரு வார்த்தை," என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா, வேறு எப்படியோ சொன்னாளா என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அவங்க மேல வழி கேட்டா நான் என்ன சொல்றது?" என்றான் அவள் முதுகைப் பார்த்து.

"போறப்ப தெரியும்ல. மறந்தது ஞாபகம் வரும்ல."

"வரலன்னா?"

அவள் வைக்கோலை உதறிப் போட்டாள். மெஹ்தி அடுப்பில் கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் தோளுக்குப் போகும்போது பாறையில் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றான். மூட்டை பாறையில் இருந்தால் நீ போகவில்லை. பாறையில் இல்லையென்றால் அது உச்சியில் இருக்கிறது, நீ போயிருக்கிறாய். சுக்கூருக்கு ஒரு கணம் அது சரியாகப் பட்டது. பிறகு, காற்று தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்றான். மெஹ்தி யோசித்தான். இல்லை, பாறையில் இருந்தால்கூட, உச்சிக்குப் போய் இறங்கி வந்து அங்கே வைத்திருக்கலாமே என்றான். இருவரும் அதற்கு மேல் யோசிப்பதை விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை முதல் மறுபடியும் பனி விழுந்தது. சுக்கூருக்குத் தோள் வலித்தது. எண்ணெய் தேய்க்க ஹாஜிரா வந்தாள், ஆனால் வழக்கமான கேலியைச் சொல்லவில்லை. மறுநாள் மெஹ்தியின் வீட்டுக்கு அவன் நொண்டிக்கொண்டே போனபோது, மெஹ்தியின் மனைவியும் சின்ன மகளும் இரண்டு கிழிந்த கம்பளியையும் ஒரு கோதுமைச் சாக்கையும் போர்த்திக்கொண்டு மாட்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மெஹ்தி அவனை உள்ளே கூப்பிட்டு, தேநீர் ஊற்றி, வேறு என்னென்னவோ பேசினான். தூக்கப் பையைப் பற்றிப் பேசவில்லை. சுக்கூர் தன்னுடைய கம்பளியை அவிழ்த்து அந்தச் சின்னப் பெண்ணின் மேல் போர்த்தினான். அது பாதிதான் மூடியது.

பனி உருக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மார்போ காங்ரியின் தோளிலோ உச்சியிலோ அவன் மூட்டை இருக்கிறது. மெஹ்திக்கு அவன் ஒரு சிவப்புத் தூக்கப் பை கடன்.